‘இன்னும் பத்து நிமிஷம்’ வேண்டாம்: இதய மாற்று மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

இதய மாற்றுப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், அவற்றுக்குப் பொறுப்பான நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். அறுவை அரங்கில் உங்கள் முதுகுக்குப் பின்னால், அறுவையின்போது இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் நான். நோயாளியின் முகத்தை நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை. அவருடைய ரத்தம் எங்கள் பம்ப் வழியாகச் சுற்றுவதையும், திரையில் ஓடும் அழுத்தக் கோட்டையும்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த இருக்கையிலிருந்து தெரிகிற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றி வைத்த இதயம் வேலையை எடுத்துக்கொள்ளாமல் தடுமாறினால், எந்தக் கட்டத்தில் எக்மோவுக்கோ (ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம்) வேறு இயந்திரத் துணைக்கோ போவீர்கள் என்பதை அறுவைக்கு முன்பே எழுதி வையுங்கள். அப்படி ஒரு நிலை வரலாம் என்பதை நோயாளியிடமும் குடும்பத்திடமும் முன்பே சொல்லுங்கள். இந்த இரண்டும்தான் என் கோரிக்கை. ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு, அரங்கில் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தையல்கள் முடிந்து, பெருந்தமனியில் போட்ட கவ்வியை எடுத்ததும் ஒரு நல்ல நேரம் வரும். குளிரில் கிடந்து வந்த இதயம் மெல்ல வெதுவெதுப்பாகும். முதலில் நடுங்கும், அப்புறம் துடிக்கும். முகக்கவசத்துக்கு மேலே எல்லோர் கண்ணிலும் ஒரு தெளிச்சி தெரியும். ஆனால் துடிப்பது வேறு, ரத்தத்தைத் தள்ளுவது வேறு. என் பம்பின் ஓட்டத்தை அரை அரை லிட்டராகக் குறைத்துக்கொண்டு வரும்போதுதான் உண்மை தெரியும். நிமிடத்துக்கு 4 லிட்டர், மூன்றரை, 3, இரண்டரை. அங்கே வலது கீழறை புடைக்கத் தொடங்கும். சிரை அழுத்தம் 12, 15, 18 என்று ஏறும். தமனி அழுத்தக் கோடு தாழ்ந்து தட்டையாகும். உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்துக்கொண்டிருக்கும் மயக்கவியல் மருத்துவர், “இடது பக்கமும் சரியா சுருங்கலை” என்பார். உடனே எனக்குக் குரல் வரும்: “முழு ஓட்டத்துக்குப் போங்க.”

அரை மணி நேரம் இதயத்துக்கு ஓய்வு. இதயத்தை ஊக்க அட்ரினலின் ஓடும், மில்ரினோன் சேரும், ரத்த அழுத்தத்தைத் தூக்க நார்அட்ரினலின், வாசோபிரெசின் வரும், நுரையீரல் ரத்தக் குழாய்களைத் தளர்த்தச் சுவாசக் குழாயில் நைட்ரிக் ஆக்ஸைடு கலக்கப்படும். மறுபடி முயற்சி. மறுபடி அதே புடைப்பு. இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் சொல்வார்: “இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்.”

அந்தப் பத்து நிமிஷம் பல இரவுகளில் ஒரு மணி நேரமாகவும் இரண்டு மணி நேரமாகவும் நீள்வதைப் பார்த்திருக்கிறேன். ரத்த வாயுப் பரிசோதனைத் தாளில், உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 4 என்று வரும், அடுத்த தாளில் 7, அதற்கடுத்ததில் 10. என் இயந்திரத்தில் ரத்தம் எவ்வளவு நேரம் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு, ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் குறையும், தைத்த இடமெல்லாம் கசியும், சிறுநீர்ப் பையில் சொட்டுவது நின்றுபோகும். கடைசியில் எக்மோ வைப்பார்கள். ஆனால் அப்போது அது தாங்க வேண்டியது தடுமாறும் ஓர் இதயத்தை மட்டும் அல்ல. சிறுநீரகம், கல்லீரல், குடல் எல்லாம் அடிபட்ட ஓர் உடலை. பிறகு அந்த நோயாளி பிழைக்காவிட்டால், “எக்மோ வைத்தும் காப்பாற்ற முடியவில்லை” என்று குறிப்பெழுதப்படும். எக்மோ எப்போது வைக்கப்பட்டது என்ற கேள்வி அந்த வரியில் காணாமல் போய்விடும்.

இந்தத் தடுமாற்றம் அபூர்வமானதல்ல. இதய மாற்றுக்குப் பின் முதல் 30 நாட்களில் நேரும் மரணங்களுக்கு இதுவே முதன்மையான காரணம். உடல் புது உறுப்பை நிராகரிப்பதால் வருவது வேறு, பெறுநரின் நுரையீரல் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் வருவது வேறு, அறுவையில் நேர்ந்த சிக்கலால் வருவது வேறு. இப்படிச் சுட்டிக்காட்ட ஒரு தனிக் காரணம் இல்லாமல், அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் இடது கீழறையோ, வலது கீழறையோ, இரண்டுமோ தளர்ந்துபோவதைத்தான் முதன்மை ஒட்டுறுப்புச் செயலிழப்பு என்று பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்றுச் சங்கத்தின் 2014 ஒருமித்த கருத்து அறிக்கை வரையறுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு மையமும் ஒவ்வொரு அளவுகோல் வைத்திருந்தது. ஒருவர் சில சதவீதம்தான் என்பார், இன்னொருவர் நாலில் ஒருவருக்கு வருகிறது என்பார். இருவர் சொல்வதும் அவரவர் அளவுகோலின்படி சரியாகவே இருக்கும்.

ஏன் தளர்கிறது? இதை நோயாளியின் குடும்பங்களுக்கு யாரும் நின்று விளக்குவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூளைச்சாவு நேரும்போது உடலில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாய்கின்றன. ரத்த அழுத்தம் எகிறுகிறது, இதயத் தசை அந்தச் சில நிமிடங்களிலேயே காயப்படுகிறது. அந்த வெள்ளம் வடிந்ததும் ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிகிறது. பிறகு இதயத்தை நிறுத்தி, குளிர்ந்த கரைசலில் வைத்து எடுத்து வருகிறார்கள். பனிக்கட்டிப் பெட்டியில் சுமார் 4 மணி நேரம் என்பதே வழக்கமான எல்லை. அதற்குள்ளேயும் செல்கள் தம்மிடம் இருக்கும் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கும். கடைசியாக, புது உடலில் சூடான ரத்தம் மறுபடி பாயும்போது கால்சியமும், ஆக்ஸிஜனிலிருந்து உருவாகும் தீவிர வினைபுரியும் மூலக்கூறுகளும் செல்களுக்குள் இன்னொரு காயத்தை உண்டாக்குகின்றன. அதற்கு மேல் பெறுநரின் உடல்நிலை இருக்கிறது: பல ஆண்டு இதயச் செயலிழப்பால் இறுகிப்போன நுரையீரல் ரத்தக் குழாய்கள், அழற்சி, முன்பே பொருத்தியிருந்த இடது கீழறைத் துணைப் பம்பை அகற்ற ஆகும் நீண்ட அறுவை நேரம். நல்ல நுரையீரலுக்கு மட்டுமே ரத்தம் தள்ளிப் பழகிய வலது கீழறை இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. நெடுந்தூரம் ஓடி வந்து மூச்சிரைத்து நிற்கும் ஒருவரின் தலையில் உடனே மூட்டையை ஏற்றுவது போன்றது இது. அவரிடம் பலம் இல்லாமலில்லை, கொஞ்சம் உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான்.

மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. அட்ரினலின் களைத்த தசையை இன்னும் வேகமாகச் சுருங்கச் சொல்கிறது. சிறிய அளவில் அது உதவி. அளவைக் கூட்டக் கூட்ட, தசை கேட்கும் ஆக்ஸிஜனும் கூடுகிறது, துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் கூடுகிறது. மூளைச்சாவின்போது எந்த ஹார்மோன் வெள்ளத்தில் அடிபட்டு வந்ததோ, அதே வகை மருந்தை அதே இதயத்துக்குள் நாமே மறுபடி பாய்ச்சுகிறோம். இயந்திரத் துணை செய்வது இதற்கு நேர் எதிர்: உடலுக்கு வேண்டிய ரத்த ஓட்டத்தைத் தான் எடுத்துக்கொண்டு இதயத்துக்கு ஓய்வு தருகிறது.

எக்மோ என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே நின்று படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மையவிலக்குப் பம்ப் வழியாகச் செயற்கை நுரையீரலுக்குள் அனுப்பி, ஆக்ஸிஜன் ஏற்றி, ஒரு தமனிக்குள் திருப்பி விடுவதுதான் அது. தொடையில் குழாய் போடலாம், திறந்த மார்பிலேயே நேராகவும் போடலாம். நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை ஓட்டம் கிடைக்கும். தளர்ந்த கொடை இதயங்களில் பல சில நாட்களிலேயே தேறிவிடுகின்றன என்பதும், அந்த நெருக்கடியைத் தாண்டி வீடு திரும்பியவர்களின் பிற்கால ஆயுள், எக்மோ தேவைப்படாதவர்களுடையதற்கு நெருக்கமாகவே இருக்கிறது என்பதும் பல மையங்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்த அனுபவம். அரங்கிலேயே தயங்காமல் எக்மோ வைத்தவர்கள், மருந்தை ஏற்றி ஏற்றிக் காத்திருந்து வைத்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று எழுதிய மையங்களும் உண்டு. இவையெல்லாம் பின்னோக்கிப் பார்த்த தரவுகள், குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகள் அல்ல. இருந்தாலும் நான் திரையில் பார்ப்பதும் அவர்கள் எழுதியிருப்பதும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

பிறகு ஏன் தயக்கம்? என் பார்வையில் முதல் காரணம் மனசு. கொடையாளரிடமிருந்து இதயம் எடுக்கப் போனவர்கள், ராத்திரி முழுக்க நின்று தைத்தவர்கள், தாங்கள் வைத்த இதயம் வேலை செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிய நேரம் அது. எக்மோ வேண்டும் என்று சொல்வது தோல்வியை அறிவிப்பது போலத் தோன்றிவிடுகிறது. அரங்கில் அந்தப் பேச்சை முதலில் எடுக்கும் தைரியம் இளைய மருத்துவர்களுக்கு வருவதில்லை. எங்களுக்கும் எளிதில் வருவதில்லை.

இரண்டாவது காரணம் கணக்கு. 2014 வரையறையின்படி எக்மோ போன்ற துணையை நம்பியிருக்கும் நிலை ‘கடுமையானது’. மருந்தின் அளவு மிகுந்தாலோ, பெருந்தமனிக்குள் உப்பிச் சுருங்கி இதயத்துக்கு உதவும் பலூன் பம்ப் மட்டும் வைத்தாலோ அது ‘நடுத்தரம்’. அதாவது எந்தப் பெட்டியில் நோயாளி விழுகிறார் என்பதை இதயத்தின் நிலையோடு நம் முடிவும் தீர்மானிக்கிறது. சீக்கிரம் எக்மோ வைக்கும் மையத்தின் அட்டவணையில் ‘கடுமையானது’ கூடுதலாகத் தெரியும். மருந்தை ஏற்றிக்கொண்டே காத்திருக்கும் மையத்தின் அட்டவணை பார்க்க அழகாக இருக்கும். நிர்வாகிகளே, உங்கள் மேசைக்கு வரும் தாளில் அந்த எண்ணை மட்டும் பார்த்து எந்தக் குழுவையும் எடைபோடாதீர்கள். எத்தனை பேருக்கு எக்மோ வைத்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், வைக்கும்போது லாக்டேட் எவ்வளவு இருந்தது, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். வேகமாக முடிவெடுத்த குழுவைத் தண்டிக்கும் கணக்கு முறை இருக்கும்வரை, அந்தப் பத்து நிமிஷமும் இருக்கும்.

மூன்றாவது காரணம் நியாயமானது. அதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். எக்மோ தீங்கு செய்யக்கூடிய கருவி. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் தேவை. புதிதாகத் தைத்த மார்பிலோ ஏற்கனவே கசிவு. தொடைத் தமனியில் பெரிய குழாய் போட்டால் கீழே காலுக்கு ரத்தம் போகாமல் கால் கறுக்கலாம். அதற்காகவே காலை நோக்கி இன்னொரு சிறிய குழாய் போட வேண்டும், அதைப் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. பக்கவாதம், தொற்று எல்லாம் உண்டு. இவை அனைத்தையும்விட எனக்குக் கவலை தருவது இடது கீழறை. தொடை வழியாகத் தமனிக்குள் பாயும் ரத்தம் பெருந்தமனியில் எதிர்த்து மேலே ஏறுகிறது. களைத்த இடது கீழறையால் அந்த அழுத்தத்தை மீறிக் கதவைத் திறக்க முடியாவிட்டால், உள்ளே ரத்தம் தேங்கி அறை வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், அறைக்குள் ரத்தம் உறையும். ஓய்வு கொடுக்க வந்த இயந்திரமே சுமையாகிவிடும். ஐசியூவில் தமனிக் கோடு அலையே இல்லாமல் நேராக ஓடினால் யாராவது எக்கோவை எடுத்துவந்து பெருந்தமனி வால்வு திறக்கிறதா என்று அப்போதே பார்க்க வேண்டும். திறக்கவில்லை என்றால் ஓட்டத்தைச் சற்றுக் குறைப்பது, பலூன் பம்ப் சேர்ப்பது, இடது கீழறைக்குள் வைக்கும் சிறிய பம்பான இம்பெல்லாவை வைப்பது, இடது மேலறையிலிருந்து வடிகுழாய் போடுவது என்று ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். காலையில் ரவுண்ட்ஸில் பேசிக்கொள்ளலாம் என்று விடும் விஷயமல்ல இது.

இன்னொன்றும் உண்டு. இதயம் தேறத் தேற, அது தள்ளும் ரத்தமும் இயந்திரம் தள்ளும் ரத்தமும் பெருந்தமனியில் எங்கோ ஓரிடத்தில் மோதும். நுரையீரல் சரியாக இல்லாதபோது, இதயத்திலிருந்து வரும் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம்தான் மூளைக்குப் போகும். இடது கையிலோ காலிலோ எடுத்த பரிசோதனை அருமையாக இருக்கும், மூளை தவித்துக்கொண்டிருக்கும். அதனால் தமனிக் குழாயும் ஆக்ஸிஜன் அளவியும் வலது கையில்தான் இருக்க வேண்டும். சிறிய விஷயம். ஆனால் அவசரத்தில் முதலில் தவறிப்போவது இதுதான்.

எல்லோருக்கும் எக்மோதான் தீர்வு என்றும் சொல்லவில்லை. வலது பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் கழுத்துச் சிரை வழியாக நுரையீரல் தமனிக்கு ரத்தம் கொண்டுபோகும் தற்காலிக வலது துணைப் பம்ப் பொருத்தமாக இருக்கலாம். இடது பக்கம் மட்டும் என்றால் அக்குள் தமனி வழியாக வைக்கும் இம்பெல்லா 5.5 நோயாளியை எழுந்து உட்காரவும் விடும். எதை வைப்பது என்பது உங்கள் கைத்திறனையும் உங்கள் மையத்தில் இருப்பதையும் பொறுத்தது. எது என்பதைவிட எப்போது என்பதே என் கவலை.

வரலாற்றில் ஒரு பக்கம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். மூன்று நாள் கழித்து அமெரிக்காவில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் ஒரு பச்சிளம் குழந்தைக்கு இதயம் மாற்றினார். சில மணி நேரத்தில் அந்தப் புது இதயம் நின்றுபோனது. பலூன் பம்பை முதன்முதலில் நோயாளிகளிடம் பயன்படுத்தியவரும் அதே கான்ட்ரோவிட்ஸ்தான், அதுவும் அதே 1967-இல்தான். இதய மாற்றும் இதயத்துக்கான இயந்திரத் துணையும் ஒரே ஆண்டில், ஒரே மருத்துவரின் கையில் இருந்தன. ஆனால் அன்று அந்தக் குழந்தைக்குத் தரக்கூடிய துணை எதுவும் இல்லை. இன்று அது நம் அரங்கின் மூலையில் சக்கரம் வைத்து நிற்கிறது.

குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து, ராத்திரி அழைப்பு வந்து, ஓடி வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது இரண்டே முடிவுகள்: இதயம் வேலை செய்யும், அல்லது ஆள் போய்விடுவார். நடுவில் இன்னொரு நிலை இருக்கிறது என்று பெரும்பாலானவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. ஒப்புதல் படிவத்தின் ஏதோ ஒரு வரியில் ‘இயந்திரத் துணை தேவைப்படலாம்’ என்று இருக்கும், அவ்வளவுதான். விடியற்காலையில் ஒருவர் வந்து “எக்மோவில் வைத்திருக்கிறோம்” என்றதும் அவர்கள் கேட்பது: “அப்போ அந்த இதயம் கெட்டுப்போச்சா?” இதற்குப் பதில் சொல்லிப் புரியவைக்க வேண்டிய நேரம் விடியற்காலை அல்ல. காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கும் அன்றே, உட்காரவைத்து, இந்த இயந்திரத்தின் படத்தைக் காட்டி, கால், கழுத்து என்று குழாய் எங்கெல்லாம் வரும் என்று விளக்கி, பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான் என்றும், தேறாமல் போகவும் கூடும் என்றும் இரண்டையும் சொல்லுங்கள். தேறாவிட்டால் என்ன செய்வோம், மறுமாற்றுக்குப் பட்டியலில் சேர்ப்போமா, எப்போது நிறுத்துவோம் என்பதையும் அப்போதே பேசுங்கள். கஷ்டமான பேச்சுதான். நோயாளி தன் வாயால் பதில் சொல்லக்கூடிய நேரத்தில் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

கொடையாளரின் குடும்பத்தையும் மறந்துவிட வேண்டாம். தங்கள் பிள்ளையின் இதயம் எங்கோ துடிக்கிறது என்ற ஒரு நினைப்பில் அவர்கள் நாட்களைத் தள்ளுகிறார்கள். அந்த இதயம் தேறுவதற்கு இருந்த வாய்ப்பை நம் தயக்கத்தால் நாம் குறைத்துவிடக் கூடாது.

வருமுன் தடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன, அவற்றை வரவேற்கிறேன். பனிக்கட்டிக்குப் பதிலாக வெப்பநிலையைச் சீராக வைக்கும் பெட்டிகள், சூடான ரத்தம் பாய்ச்சித் துடிக்க வைத்தபடியே இதயத்தைக் கொண்டுவரும் கருவி, குளிர்ந்த ஆக்ஸிஜன் கரைசலை ஓடவிட்டபடி கொண்டுவரும் கருவி எல்லாம் வந்துவிட்டன. முன்கூட்டியே அபாயத்தைக் கணிக்க 2011-இல் வந்த ரேடியல் மதிப்பெண் இருக்கிறது: பெறுநரின் வலது மேலறை அழுத்தம், வயது, நீரிழிவு, அவர் ஏற்கனவே இதயத்தை ஊக்கும் மருந்தில் இருக்கிறாரா என்பது, கொடையாளரின் வயது, இதயம் ரத்தமின்றி இருந்த நேரம் என்று ஆறே விஷயங்கள்தான். மதிப்பெண் அதிகமாக வரும் இரவில் எக்மோ சுற்றை உப்புக்கரைசல் நிரப்பித் தயாராக வைக்கச் சொன்னால் எங்களுக்கு அது பெரிய வேலையே இல்லை. எக்மோவை இரவு பகல் பாராமல் நடத்த ஆளும் பயிற்சியும் இல்லாத இடத்தில் இதய மாற்றைத் தொடங்கவே அனுமதி தரக் கூடாது என்பதும் என் உறுதியான எண்ணம்.

எழுதி வைக்கச் சொன்ன தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. எத்தனை முறை இயந்திரத்திலிருந்து இறக்க முயல்வோம், மருந்து எந்த அளவைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வோம், லாக்டேட் எந்த எண்ணைத் தொட்டால் பேச்சை முடிப்போம், முடிவைச் சொல்லும் பொறுப்பு யாருடையது. எக்மோவை வெளியே எடுப்பதற்கும் அதேபோல: ஓட்டத்தை ஒன்று, ஒன்றரை லிட்டருக்குக் குறைத்து, எக்கோவில் இடது, வலது இரண்டையும் பார்த்து, அழுத்தம் சரியாமல் நின்றால் எடுப்போம் என்று. எண்களை நான் சொல்ல வரவில்லை, அவை உங்கள் குழு உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டியவை. தூக்கம் கெட்ட மூன்று மணிக்கு யோசித்து எடுப்பதற்குப் பதில், தெளிந்த பகலில் எடுத்த முடிவாக அவை இருக்கட்டும்.

அடுத்த இதயத்துக்கான அழைப்பு வருவதற்குள் அந்தத் தாளை எழுதிவிடுங்கள். அதில் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வரி வையுங்கள்: எத்தனையாவது முயற்சி தவறிய பிறகு, யாரும் கேட்காமலேயே “எக்மோ தயார்” என்று நாங்கள் உரக்கச் சொல்லலாம் என்று.

இப்படிக்கு,
ஒரு பெர்ஃபியூஷனிஸ்ட்